திரையில் மூன்றாவது பெயர்

இறால் பண்ணையின் கம்பி வேலி முடிகிற இடத்தைத் தாண்டும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. இறால்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்து, குளங்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீரை அடித்துக் கலக்கும் சக்கரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சம்பளத்தைப் பற்றி முதலாளி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காவலுக்கு இருந்த நாய் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தது. பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

தோளில் ஒரு பை இருந்தது. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட், ஒரு துவாய், ஒரு துணியில் சுற்றிய சீடித் தட்டுகள். குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் ஆள் எடுக்கிறார்கள் என்று பண்ணையில் ஒருவன் சொல்லியிருந்தான். அவன் சொன்னதை நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. போவதற்கு ஒரு திசை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கற்பிட்டி போகும் பஸ் இரண்டு என்னைக் கடந்து போயின. கை காட்டவில்லை. தார் றோட்டின் நடுவில் கழுதைகள் நின்றிருந்தன. பஸ் ஹோர்ன் அடித்தும் அவை அசையவில்லை. பஸ்தான் மணலில் இறங்கிச் சுற்றிப் போனது.

நான் பிறந்தது வடக்கில். சண்டைக் காலத்தில் முஸ்லிம்களை விரட்டியபோது வாப்பாவும் உம்மாவும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறி வந்தவர்கள். வளர்ந்தது புத்தளத்து அகதி முகாமின் கிடுகுக் கொட்டில்களில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சண்டை முடிந்த பிறகு குடும்பம் வடக்குக்குத் திரும்பியது, நானும் கூடப் போனேன். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடும் ஒரு கிணறும் இருந்தன. மீள்குடியேற்றப் பதிவுக்குப் போனபோது என் பெயர் புத்தளத்தில் இருக்கிறது என்றார்கள். புத்தளத்துக்கு வந்து கேட்டபோது வடக்குக்கு மாற்றியாயிற்று என்றார்கள். அதன் பிறகு நான் எங்கேயும் போய்க் கேட்கவில்லை. உப்பளம், தும்பு ஆலை, வெளிநாட்டுக்காரர் தங்கும் ஹோட்டலுக்கு மண் சுமந்தது, கடைசியாக இறால் பண்ணை என்று போய்க்கொண்டிருந்தேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினிக் கடையில் சில வருடங்கள் இருந்தேன். கூட்டித் துடைக்கத்தான் போனேன். பிறகு கணினிகளைக் கழற்றித் தூசு ஊதினேன். பிறகு சிஸ்டம் ஏற்றினேன். ஆங்கிலம் வாசித்து விளங்க எனக்கு வராது. திரையில் எந்தப் பெட்டி வந்தால் எதை அமுக்க வேண்டும், எதை அமுக்கினால் திரும்பி வர முடியாது என்பது மட்டும் கைக்குத் தெரியும். அந்தக் கடை மூடியதும் அதுவும் போயிற்று. சிஸ்டம் ஏற்றும் சீடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது.

தலவிலக் கத்தோலிக்கக் கோயிலுக்குத் திரும்பும் வழியில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. மார்ச் மாதத் திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிற நேரம். றோட்டோரம் பந்தல் கம்புகள் நட்டிருந்தார்கள். கடையின் கண்ணாடிக் கதவில் போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், படம் பிடித்தல், மரண அறிவித்தல் என்று எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே, ஒரு தாள் ஒட்டி உரித்த இடத்தில், நான்கு மூலைகளிலும் மஞ்சளாகிப்போன ஒட்டு நாடா மட்டும் மிச்சமிருந்தது.

உள்ளே ஒரு பெண் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மேசைக்குக் கீழே பிரித்த அட்டைப் பெட்டி. கணினியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

“அக்கா, குடிக்கத் தண்ணி கொஞ்சம் தருவீங்களா?”

“பானையில இருக்கு, எடுத்துக் குடிங்க. போட்டோக் கொப்பி எண்டா கொஞ்சம் இருக்க வேணும். நான் இதோட மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறன்.”

தண்ணீரைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். புதிய சிஸ்டம். முதல் தடவை திறக்கும்போது வரும் கேள்வியில் நின்றுகொண்டிருந்தது.

“பேர் கேக்குது அக்கா. இதைப் பாவிக்கப்போற ஆள்ட பேர்.”

“அது எனக்கும் தெரியும். காலையில இருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கு. ஒராள்ட பேர்தானே போட ஏலும்?”

“முதல்ல ஒராள். பிறகு எத்தின பேரையும் சேர்க்கலாம்.”

அப்போதுதான் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “நீங்க ஆர்?”

“சும்மா போற ஆள். இந்த வேலை கொஞ்சம் தெரியும்.”

“சும்மா போற ஆள் எண்டு சொல்லித்தான் ஒருத்தன் தராசு திருத்த வந்தவன், பக்கத்துக் கடைக்கு. தராசும் போச்சு, அவனும் போனான்.”

“என்ட பையை வச்சிருங்க.”

“உங்கட பையைப் பாத்தாலே தெரியுது, அதை வச்சு நான் என்ன செய்யிற?” என்றாள். ஆனால் கதிரையை விட்டு எழுந்தாள். “சோறு தருவன். காசு எண்டா திருவிழா முடியத்தான்.”

“சோறு காணும்.”

கதிரையில் உட்கார்ந்தேன். பழைய கணினி சுவரோரம் கிடந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். உப்புக் காற்று உள்ளே போய், போர்ட் முழுதும் பச்சையாகப் பூத்திருந்தது. அது இனி எழும்பாது. உள்ளேயிருந்த டிஸ்க் மட்டும் இரும்பு உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவள் அதை எடுத்துத் துணியால் துடைத்து, சற்றுத் தள்ளி வைத்தாள்.

“முதல் போடுற ஆள்தான் வீட்டுக்காரர் மாதிரி,” என்றேன். “மத்த ஆக்களைச் சேர்க்கிறது, எடுக்கிறது எல்லாம் அவர்ட கையில. ஆர்ட பேரைப் போட?”

“அவர்ட பேரைப் போடுங்க.”

“அவர் எங்க அக்கா?”

“கடலுக்குப் போனவர்.”

இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பின்னேரம் வந்துவிடுவார் என்று நினைத்தேன். “அப்ப அவர் வந்த பிறகு செய்வம். பாஸ்வேர்ட் அவர்தான் போட வேணும்.”

அவள் லெமினேட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கி முடித்ததும் கலைத்துத் திரும்பவும் அடுக்கினாள்.

“மீன் பிடிக்கப் போகேல்ல,” என்றாள். “அவுஸ்திரேலியாவுக்கு. வள்ளத்தில. போய் மூண்டு திருவிழா முடிஞ்சுது. போன் ஒண்டும் வரேல்ல. அந்த வள்ளத்தில போன ஒருத்தருக்கும் வரேல்ல.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் அந்தக் கரை முழுக்க இப்படி வள்ளங்கள் போயின. சிலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சிலரை விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். சிலரைப் பற்றி எந்தக் கதையும் வரவில்லை. எனக்கும் ஒரு இடம் பேசியிருந்தார்கள், நான் போகவில்லை. அதற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் காய்ச்சல்.

“இங்க இருக்கிற ஆள்தான் முதல் ஆளா இருக்க வேணும் அக்கா. இல்லாட்டிப் பூட்டின வீடு மாதிரி ஆகிடும்.”

அவள் யோசித்தாள். பிறகு வந்து, நின்றபடியே ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தாள். பாஸ்வேர்ட் போடும்போது நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு வேலை தன்பாட்டில் நடந்தது. புதிய கணினியின் டிஸ்க்கைப் பிரித்தேன். அவளுக்கு விளங்க வேண்டும் என்று, ஒரு அலுமாரிக்குள் தட்டு அடிப்பது மாதிரி என்று சொன்னேன். ஒரு தட்டில் சிஸ்டம் மட்டும். இன்னொன்றில் படங்கள், ஓர்டர்கள், கடைச் சாமான்கள். சிஸ்டம் பழுதானால் அந்தத் தட்டை மட்டும் கழுவித் திரும்ப அடுக்கலாம், படங்களுக்கு ஒன்றும் ஆகாது. பழையதில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டிருந்தார்கள்.

“மூண்டாவது தட்டு ஒண்டு அடிக்க ஏலுமா?” என்று கேட்டாள்.

“என்னத்துக்கு?”

“அவருக்கு.”

“சும்மா கிடக்கும் அக்கா. திருவிழாப் படம் வந்து நிறைஞ்சா இடம் காணாம வரும்.”

“கிடக்கட்டும்.”

அடித்தேன். பிறகு ஆட்களைச் சேர்த்தேன். இரண்டாவது பெயர் ‘கடை’. மெயில் அனுப்பவும் பரீட்சை முடிவு பார்க்கவும் வருகிறவர்களுக்கு. அந்தப் பெயரில் நுழைகிறவர்களால் எதையும் ஏற்றவும் முடியாது, மற்றவர்களுடையதை அழிக்கவும் முடியாது. மூன்றாவது அவளுடைய கணவரின் பெயர். அதை அவளே சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது.

“அவர்ட பழைய பாஸ்வேர்ட் தெரியுமா?”

“தெரியாது. கேட்டா, உனக்கென்னத்துக்கு, நீ என்ன ரகசியப் பொலிசா எண்டு பகிடி விடுவார்.”

ஒரு வசதி இருந்தது. ஆளைச் சேர்த்துவிட்டு, பாஸ்வேர்டை அந்த ஆள் முதன்முதலாக நுழையும்போது தானே போட்டுக்கொள்ள விட்டுவிடலாம். அதைச் சொன்னேன்.

“அப்ப அது அவருக்காகக் காத்துக்கொண்டிருக்குமா?”

“ஓம். எத்தின காலம் எண்டாலும்.”

“அப்பிடியே விடுங்க,” என்றாள்.

பகல் சோறு தந்தாள். தட்டை வைக்கும்போது, “மீன்தான், பயப்படாம சாப்பிடுங்க,” என்றாள். என் பேச்சிலேயே நான் இஸ்லாமானவன் என்று கண்டுபிடித்திருந்தாள். திரளி மீன் குழம்பும் முருங்கைக்கீரையும். வாசற்படியில் இருந்து சாப்பிட்டேன். பெரிய அலுப்பும் இல்லை, சந்தோசமும் இல்லை. சோறு சூடாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு பழைய டிஸ்க்கை வயர் கொடுத்துப் புதிய கணினியில் இணைத்தேன். அவளுக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான். திருவிழாவுக்கு வருகிறவர்கள் இந்தக் கடையில் குடும்பமாக நின்று படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தைக் கோயிலும் புனித அன்னம்மாளின் படமும் பூவேலையும் உள்ள ஒரு பிறேமுக்குள் போட்டு, லெமினேட் செய்து கொடுப்பார்கள். நீர்கொழும்பு, சிலாபம், மன்னார் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்களாம். பிறேம் எல்லாம் கணவர் செய்தவை, எல்லாம் அவருடைய பெயருக்குள் இருந்தன. அவை இல்லாவிட்டால் திருவிழாவில் வெறும் போட்டோக் கொப்பிதான்.

பழைய டிஸ்க்கில் அவருடைய இடத்தைத் திறக்கப் போனேன். அனுமதி இல்லை என்று வந்தது. திரும்பவும் அமுக்கினேன். திரும்பவும் அதே.

“நான்தானே வீட்டுக்காரி எண்டீங்க?” என்றாள்.

“இந்த வீட்டுக்குத்தான். அது பழைய வீட்டுச் சாமான்.”

யாருக்குச் சொந்தம் என்று பார்க்கும் பெட்டியைத் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தில் தொடங்கி நீளமாக ஒரு நம்பர் கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

“அவர்ட பேர் எங்க?”

“இதுதான் அவர். பழைய கணினி ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளுக்குள்ள ஒரு நம்பர் குடுத்து வச்சிருக்கும். பேர் வெளிக்குத்தான். புது சிஸ்டத்துக்கு அந்த ஆளைத் தெரியாது. அதால நம்பரை மட்டும் காட்டுது.”

“இப்பதானே அவரைச் சேர்த்தீங்க. அதே பேர். எழுத்து ஒண்டும் பிழையில்லையே.”

“பேர் அதேதான் அக்கா. ஆனா இது வேற நம்பர் குடுத்திருக்கும். இதுக்கு அவர் வேற ஆள்.”

ஒரு மீன்காரி வந்து அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவள் போகும்வரை நான் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப என்ன செய்யிற?”

“சொந்தக்காரரை மாத்தலாம். உங்கட பேருக்கு. மாத்தினாத் திறக்கும்.”

“அவர்ட நம்பர்?”

“அது போகும். திரும்பக் கொண்டுவர எனக்குத் தெரியாது.”

அந்த நேரம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சாரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கணவரின் அண்ணர். கண்டக்குழியில் அவருக்கு இரண்டு மீன்பிடிப் போட்டும் மீனைக் காயவிடும் ஒரு கருவாட்டு வாடியும் இருந்தன. உள்ளே வந்து, என்னைப் பார்த்து, பிறகு பூட்டிவைத்த ஒரு பொருளைப் பார்ப்பது போலக் கணினியைப் பார்த்தார்.

“ஆர் இது?”

“மெஷின் போட வந்த தம்பி, அத்தான்.”

“பிள்ள, நான் சுவாமியிட்டக் கதைச்சிட்டன். திருவிழா முடிஞ்ச அடுத்த நாள் பூசை வைக்கலாம் எண்டார். அதுக்கு முதல் நோட்டீஸ் ஒட்ட வேணும்.”

“என்ன பூசை?”

“என்ன பூசை எண்டு கேக்கிறாய்.”

“சுகமா வந்து சேர வேணும் எண்டு வைக்கிற பூசை எண்டா வைப்பம். அதுக்கு நோட்டீஸ் தேவையில்ல.”

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கோபக்காரர் மாதிரித் தெரியவில்லை. களைத்துப்போனவர் மாதிரித்தான் இருந்தார். “அம்மா படுத்த படுக்கையில கிடக்கிறா. என்ட பிள்ளைக்கு ஒரு பூசை பாக்காமப் போகப்போறன் எண்டு அழுகிறா. ஒவ்வொரு நாளும் நான்தானே கேக்கிறன். இன்னும் எத்தின திருவிழா பாக்கிற?”

“மாமிக்கு நான் சொல்லுறன்.”

“நீ சொன்னாப்போல கேப்பாவா? பிள்ள, அவன் போகும்போதே அடிச்சு வச்சிட்டுத்தானே போனவன். பேரும் திகதியும் போட்டாச் சரி.”

எனக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். மரண அறிவித்தல் அடிக்கிற கடையில் மாதிரிக்கு ஒன்று வைக்க வேண்டும். சனம் அதைப் பார்த்துத்தான் இந்தப் பூ வேண்டும், இந்தக் கறுப்பு வேண்டும் என்று சொல்லும். அதற்கு ஒரு முகம் வேண்டும். செத்தவர்களின் முகத்தை வைத்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரும் தன் முகத்தைத் தரமாட்டார். ஆகவே தம்பி தன் முகத்தையே வைத்து, பெயர் இருக்கும் இடத்தில் ‘பெயர்’ என்றும் திகதி இருக்கும் இடத்தில் ‘திகதி’ என்றும் போட்டு, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்.

“கடலால வாற பொடியள் எல்லாம் கதவடியில நிண்டு, என்னடாப்பா இண்டைக்கும் சாகல்லையா எண்டு கேப்பாங்க,” என்றார். “இவனும் உள்ளுக்குள்ள இருந்து, கரண்ட் இல்ல, நோட்டீஸ் அடிக்க ஏலாது, கரண்ட் வரட்டும் எண்டுவான். அம்மா எத்தின தரம் ஏசினவ. கேட்டானா?”

அவள் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணரும் சிரித்தார். அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“வள்ளம் போன அண்டைக்கே நான் அதை உரிச்செடுத்திட்டன்,” என்றாள் அவள் என்னிடம். “ஆனா உள்ளுக்குள்ள கிடக்கும். பிறேமோடதான் கிடக்கும்.”

“பிறேம் இருக்கிற இடத்த மட்டும் தனியா மாத்தலாம் அக்கா. மத்ததைத் தொடாம.”

“மத்ததெல்லாம் அவர்ட பேரிலேயே கிடக்குமா?”

“அந்த நம்பரில கிடக்கும்.”

“நம்பரில கிடக்கட்டும். பிறேமை மட்டும் மாத்துங்க.”

சொந்தக்காரரை மாற்றும் பெட்டியைத் திரைக்குக் கொண்டுவந்து, கடைசிக் கேள்வி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்தேன். இது அவள் அமுக்க வேண்டியது. அவள் உட்கார்ந்து, சுட்டியைப் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அமுக்கினாள். ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது. நம்பர் இருந்த இடத்தில் அவளுடைய பெயர் வந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. அப்படிப்பட்ட வேலைகளில் சத்தம் எதுவும் வராது.

பிறேம்களைப் புதிய தட்டுக்கு மாற்றினேன். அவற்றுக்கு நடுவில் அந்த நோட்டீஸ் இருந்தது. கறுப்புக் கரை, மேலே சிலுவை, இரண்டு பக்கமும் வெள்ளை லில்லிப் பூ. நடுவில் ஒரு ஆள், சேட்டின் மேல் பொத்தான் திறந்தபடி, சிரிப்பை அடக்க முடியாமல்.

“இதுதான்,” என்றார் அண்ணர். “பிரிண்ட் ஒண்டு போடு தம்பி.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த முகத்த எடுங்க,” என்றாள்.

“எடுத்திட்டு?”

“வேற முகம் வைப்பம். திருவிழாவுக்கு வாற சனத்துக்குச் சாம்பிள் வேணும்தானே.”

“பிள்ள,” என்றார் அண்ணர்.

“அத்தான், இது கடைச் சாமான். நோட்டீஸ் இல்ல. இதில பேரும் இல்ல, திகதியும் இல்ல. இதை ஒருத்தரும் எடுத்து மதில்ல ஒட்டப்போறதில்ல. அவர் வந்து தன்ட பாஸ்வேர்டைத் தானே போடட்டும். இல்லாட்டி, அவர் இனி வரமாட்டார் எண்டு கண்ணால கண்ட ஆள் ஆராவது வந்து எனக்குச் சொல்லட்டும். அண்டைக்கு நானே அடிச்சுத் தாறன். பூவும் நானே தெரிவன்.”

அண்ணர் சாரத்தில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினார். பிறகு, “வேற முகத்துக்கு எங்க போவாய்?” என்றார். “ஆர் தருவான்? இந்தக் கரையில அவன் ஒரு விசரன்தான் தந்தவன்.”

“என்டதை வையுங்க,” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். யோசித்துச் சொன்னதல்ல. வேலை முடிவதற்கு அந்த இடத்தில் ஒரு முகம் வேண்டியிருந்தது.

“நீங்க இஸ்லாம் ஆக்கள்தானே,” என்றாள். “இதில சிலுவை வேற இருக்கு.”

“எங்கட ஆக்கள் படம் போட்டு நோட்டீஸ் அடிக்கிறதில்ல அக்கா. அதால ஆரும் பாத்து நம்பப்போறதுமில்ல.”

“உங்கட உம்மா கண்டா?”

“அவ வடக்கில. இந்தப் பக்கம் வரமாட்டா.”

நீலத் துணிக்கு முன்னால் என்னை நிற்க வைத்தாள். தலைமயிரைத் தண்ணீர் தொட்டுப் படிய வைக்கச் சொன்னாள். கமராவுக்குப் பின்னால் போய், “சிரிக்காம இருங்க,” என்றாள்.

“நான் சிரிக்கேல்ல அக்கா.”

“ஓம்,” என்றாள் கொஞ்சம் பொறுத்து. “நல்லாத்தான் இருக்கு. சாம்பிளுக்கு இப்பிடித்தான் வேணும்.”

என் முகத்தை அவரே செய்துவைத்த வட்டத்துக்குள் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. வெட்டியெடுத்த அவருடைய முகம் திரையின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

“அது இனி எங்க போகும்?”

“அழிக்கலாம். வேணுமெண்டா எங்கயாவது வைக்கலாம்.”

“முதல்ல திறக்கும்போது மூண்டு பேர் வருமே. அதில மூண்டாவது பேருக்கு மேல ஒரு வட்டம் சும்மா கிடக்குது. அதில வைக்க ஏலுமா?”

வைத்தேன். கணினியை மூடித் திறந்து காட்டினேன். மூன்று பெயர்கள் வந்தன. அவளுக்கும் கடைக்கும் சாம்பல் நிறத்தில் தலையும் தோளும் மட்டும். மூன்றாவதில் அவர் மேல் பொத்தான் திறந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கரை இல்லாமல் பார்த்தபோது வெறும் படம்தான், எந்தக் கலியாண வீட்டிலும் எடுத்த மாதிரி. அவள் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி நின்றாள். அண்ணர் வாசலுக்குப் போய் நின்று துப்பினார். பிறகு அங்கிருந்தே என்னிடம் கேட்டார்.

“இனி எங்க போறாய்?”

“குறிஞ்சிப்பிட்டிக்கு. வெங்காயம் கிண்ட ஆள் எடுக்கிறாங்களாம்.”

“அது போன கிழமையே முடிஞ்சுது. மீன் வெட்டத் தெரியுமா?”

“பழகலாம்.”

“விடிய வாடிக்கு வா. ஒராள் குறையுது.” மோட்டார் சைக்கிளை மிதித்தார். போகும் முன்னர் அவளிடம், “அம்மாவுக்கு நீயே வந்து சொல்லு,” என்றார்.

“நாளைக்குப் பின்னேரம் வாறன்,” என்றாள் அவள்.

கோயில் வளவில், முன்னதாகவே வந்திருந்த யாத்திரைக்காரர்களின் கொட்டில்களுக்குப் பக்கத்தில், பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். நல்ல நித்திரை. சீடிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடியக் கடையைக் கடந்து போனபோது அது பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவில், பழைய ஒட்டு நாடா இருந்த அதே நான்கு மூலைகளுக்குள், புதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. லில்லிப் பூக்களுக்கு நடுவில் நான் இருந்தேன். கீழே ‘பெயர்’ என்று போட்டிருந்தது. ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். தலைமயிர் நன்றாகப் படிந்திருந்தது. பிறகு கண்டக்குழிப் பக்கம் நடந்தேன். மீன் ஏற்ற வந்த லொறி ஒன்று பாதி வழியில் ஏற்றிக்கொண்டது.

வாடியில் ஏற்கெனவே வேலை தொடங்கியிருந்தது. மணலில் விரித்த வலைகளில் நேற்றைய மீன் காய்ந்துகொண்டிருந்தது. நிழலில் ஐந்தாறு பேர் பலகைகளுக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். அண்ணர் ஒரு கத்தியைத் தந்து, வெறுமையாக இருந்த ஒரு பலகையைக் காட்டினார். வயிற்றை எப்படிக் கீற வேண்டும், முள்ளை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று ஒரு தடவை செய்து காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் இருந்தவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் காலையில் கோயிலடியால் வந்தவனாக இருக்க வேண்டும்.

“டேய், இவரைப் பாருங்கடா,” என்றான் மற்றவர்களிடம். “கடைக் கதவில கிடக்கிறவர்.” பிறகு என் பக்கம் திரும்பினான். “என்ன தம்பி, இண்டைக்கும் சாகல்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணர் உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார்.

“கரண்ட் இல்ல,” என்றேன். “கரண்ட் வரட்டும்.”

சிரிப்பு நின்றது. அந்தப் பதில் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டவன் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து என் பலகையில் போட்டான். நான் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து எறிந்து, மீனை விரித்து உப்புத் தொட்டிக்குள் வைத்தேன். அவன் அடுத்ததைப் போட்டான்.